பழைய தானியங்கிக் கார்களும் அதிவேகப் பயணமும்

2011 நவம்பரில் கொட்டாவை முதல் காலி வரையிலான தெற்கு அதிவேக நெடுஞ்சாலை திறக்கப்பட்டபோது, மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் தொடர்ச்சியாகப் பயணிப்பது இந்நாட்டுச் சாரதிகளுக்குப் புதிய அனுபவமாக இருந்தது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. புதிய கார்களின் விலையோ நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாதது. எனவே நான்கு கியர்களைக் கொண்ட பழைய ஜப்பானியத் தானியங்கிக் கார்கள் பல இன்றும் ஓடுகின்றன. வேகப் பயணத்தில் இவற்றின் இயந்திரம் இரைவதும் பெற்றோல் விரைந்து தீர்வதும் உரிமையாளர்களின் கவலையாகும். 2022இல் எரிபொருள் வரிசைகளில் காத்து நின்றோருக்கு இது அற்ப விடயமன்று.

இயந்திரச் சுழற்சியைக் குறைப்பதற்குச் செலவுமிக்க மாற்றங்களை நாடுமுன், காரில் ஏற்கனவே உள்ள வசதிகள் செயற்படுகின்றனவா என்று பார்க்க வேண்டும். நான்காவது கியரே 'ஓவர்டிரைவ்' எனப்படுகிறது. பல கார்களில் மூன்றாவது கியரின் விகிதம் ஏறத்தாழ 1. நான்காவதன் விகிதம் ஏறத்தாழ 0.7. அதாவது மூன்றாவதில் நிமிடத்துக்கு 3,500 தடவை சுழலும் இயந்திரம், அதே வேகத்தில் நான்காவதில் ஏறத்தாழ 2,450 தடவையே சுழலும். கியர்த் தண்டிலுள்ள பொத்தான் தவறுதலாக அழுத்தப்பட்டிருந்தால், 'ஓ.டி. ஓஃப்' விளக்கு எரியும். நான்காவது கியர் விழாது.

அடுத்தது டோர்க் கன்வேர்ட்டர். இது எண்ணெயின் வழியே விசையைக் கடத்துவதால் சிறிது சறுக்கல் ஏற்படும். சீரான வேகத்தில் அதனுள்ளே இருக்கும் பூட்டுக் கிளட்ச் இணைந்து அச்சறுக்கலை நீக்க, சுழற்சி மேலும் சற்றுக் குறையும். இயந்திரம் போதிய வெப்பம் அடையும் வரை பல கார்களில் இப்பூட்டும் ஓவர்டிரைவும் இணைவதில்லை. வெப்ப நாட்டுக்குத் தேவையில்லையெனக் கூறித் தேர்மோஸ்டாட்டை அகற்றிவிடுவது இதனாலேயே தவறாகிறது. கியர் எண்ணெயின் அளவையும் நிறத்தையும் பரிசோதிப்பதும் அவசியம்.

பெரிய டயர் பூட்டினால் சுழற்சி குறையும் என்பது உண்மையே. ஆனால் வேகமானி உண்மையான வேகத்தைவிடக் குறைவாகக் காட்டும். சாரதி தம்மை அறியாமலே வேக எல்லையைக் கடப்பார்.

எல்லாம் சீராக இருந்தும் இரைச்சல் தொடர்ந்தால், செலவில்லாத வழி வேகத்தைத் தணிப்பதே. 100இலிருந்து 80ஆகக் குறைத்தால் சுழற்சி ஐந்திலொரு பங்கு குறையும். காற்றின் எதிர்ப்போ 64 சதவீதமாகத் தணியும். நூறு கிலோமீற்றர் பயணத்தில் இதற்காக நாம் இழப்பது பதினைந்து நிமிடங்கள் மாத்திரமே.