அம்மா நாய் எங்கே?

சுட்டிகளே! "எனக்கு ஒரு நாய்க்குட்டி வேணும்ப்பா" என்று வீட்டில் எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள்? பிறந்த நாள் நெருங்கினால் இந்தக் கோரிக்கை கொஞ்சம் பலமாகவே கிளம்பும். சரி, அப்பா ஒருநாள் தலையாட்டி விட்டார் என்றே வைத்துக் கொள்வோம். அடுத்த கேள்வி, குட்டியை எங்கிருந்து கொண்டு வருவது?

காசு கொடுத்து வாங்கலாம். காப்பகத்தில் இருந்து தத்தெடுக்கலாம். இதில் எது சரி என்று பெரியவர்களே சண்டை போட்டுக் கொள்கிறார்கள். நீங்கள் சண்டை போட வேண்டாம். குட்டியைக் காட்டுகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "இதோட அம்மா எங்கே?"

கடையில் கண்ணாடிக்குப் பின்னால் குட்டி துள்ளிக் குதிக்கும். பார்த்தாலே தூக்கிக் கொஞ்சத் தோன்றும். ஆனால், அம்மாவை மட்டும் காட்ட மாட்டார்கள். அது ஊருக்கு வெளியே ஏதோ ஒரு கொட்டகையில், கூண்டுக்குள் அடைந்து கிடக்கலாம். நாய் சுமார் இரண்டு மாதம் குட்டியைச் சுமக்கும். பிறகு பால் கொடுத்து வளர்க்கும். உடம்பு தேறுவதற்குள் அடுத்த பிரசவம், மறுபடியும் அடுத்த பிரசவம் என்றால் அது என்ன ஆகும்? பணத்தை மட்டுமே பார்க்கிற சிலர் இப்படித்தான் செய்கிறார்கள்.

இதைத் தடுக்க மத்திய அரசு 2017ல் விதிமுறைகள் கொண்டு வந்தது. நாய்ப்பண்ணை நடத்துபவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். பெண் நாய்க்கு ஒன்றரை வயதாவது நிறைந்திருக்க வேண்டும். வாழ்நாளில் ஐந்து தடவைக்கு மேல் குட்டி போட வைக்கக் கூடாது. எட்டு வாரம் முடியாத குட்டியை விற்கவும் கூடாது. அது என்ன எட்டு வாரக் கணக்கு என்கிறீர்களா? அண்ணன், தம்பிகளோடு கடித்து விளையாடும்போதுதான், எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று குட்டி கற்றுக் கொள்கிறது. அதுதான் அதற்கு எல்.கே.ஜி.! சீக்கிரமே பிரித்து விட்டால், அந்தப் பாடத்தை உங்கள் கையில்தான் படிக்கும்.

இன்னொரு சங்கதி, 'ஃபேஷன்' நாய்கள். 2003ல் ஹட்ச் என்ற செல்போன் நிறுவனத்தின் விளம்பரம் டிவியில் வந்தது. ஒரு சிறுவன் போகும் இடமெல்லாம் ஒரு குட்டி நாய் பின்னாலேயே ஓடும். உங்கள் அப்பா, அம்மாவைக் கேட்டுப் பாருங்கள், உடனே சொல்வார்கள். அந்த நாயின் இனம் 'பக்'. விளம்பரத்துக்குப் பிறகு நாடு முழுக்க பக் குட்டிக்கு ஏக கிராக்கி!

பக், சீனாவில் இருந்து வந்த இனம். முகம் தட்டையாக, மூக்கு உள்ளே அமுங்கி இருக்கும். அந்த மூஞ்சிதான் அழகு என்று மனிதர்கள், தலைமுறை தலைமுறையாக மூக்கு சிறுத்த நாய்களையே ஜோடி சேர்த்து இப்படி ஆக்கி விட்டார்கள். நமக்கு வியர்ப்பது போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப் போட்டு, இரைத்து இரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும். மூச்சு விடுவதற்கே திணறுகிற பக், வேலூர் வெயிலில் என்ன செய்யும்? பனி பெய்யும் சைபீரியாவில் வண்டி இழுப்பதற்காக வளர்க்கப்பட்ட ஹஸ்கியை மதுரையில் கட்டிப் போடுவதும் இதே கதைதான். இரண்டு அடுக்கு ரோமத்தோடு அது படும் பாடு, சித்திரை மாதத்தில் ஸ்வெட்டர் போட்டு நின்றால்தான் நமக்குப் புரியும்.

அப்படியானால் நாய்ப்பண்ணை நடத்துகிறவர்கள் எல்லாருமே மோசமா? இல்லை. நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி நாய்களை எடுத்துக் கொள்ளுங்கள். அக்கறையாக வளர்த்த சிலர் இருந்ததால்தான் அவை இன்றும் மிஞ்சி இருக்கின்றன. ராஜபாளையம் நாய் 2005ல் தபால் தலையிலேயே இடம் பிடித்தது! நல்ல வளர்ப்பாளர், கேட்பதற்கு முன்பே அம்மா நாயைக் காட்டுவார். ராஜபாளையத்தில் சில குட்டிகள் பிறவியிலேயே காது கேளாமல் பிறப்பது உண்டு. நல்லவர் அதை மறைக்க மாட்டார்.

ஆனாலும், வீட்டில் செல்லமாக வளர்க்க ஒரு நாய் போதும் என்றால், காப்பகத்துக்கு முதலில் போய்ப் பாருங்கள் என்பேன். சென்னையில் ப்ளூ கிராஸ் அமைப்பை 1959ல் கேப்டன் சுந்தரம் தொடங்கினார். அவர் ஒரு விமானி. வேறு ஊர்களிலும் இப்படி விலங்குகள் காப்பகங்கள் உண்டு. அங்கே நாட்டு நாய்க்குட்டிகள் நிறைய இருக்கும். சமயத்தில் ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கி, வீடு மாறும்போது விட்டு விட்டுப் போன வெளிநாட்டு நாய்களும் இருக்கும். வளர்ந்த நாயைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அதன் குணம் என்ன, குழந்தைகளோடு எப்படிப் பழகும் என்பதெல்லாம் காப்பகத்தில் இருப்பவர்களுக்கே தெரிந்திருக்கும். அவ்வளவு விவரம் குட்டியைப் பற்றி யாராலும் சொல்ல முடியாது.

"அப்போ தெருவில் இருக்கிற குட்டியைத் தூக்கிட்டு வந்துடலாமே" என்று கிளம்பி விடாதீர்கள்! அங்கேயும் அதே கேள்விதான். அம்மா எங்கே? அது இரை தேடிப் போயிருக்கும். நீங்கள் குட்டியைத் தொடும் நேரம் பார்த்துத் திரும்பி வந்தால், கடிக்கத்தான் செய்யும். பெரியவர்களிடம் சொல்லுங்கள். எந்த நாய் கடித்தாலும், கீறினாலும் மறைக்கக் கூடாது. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி விட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 'ரேபிஸ்' வந்து விட்டால் உயிர் பிழைப்பது மிக மிக அரிது. நேரத்தோடு தடுப்பூசி போட்டுக் கொண்டால் பயமில்லை. வீட்டுக்கு வரும் குட்டிக்கும் கால்நடை டாக்டரிடம் தடுப்பூசி போட வேண்டும்.

காப்பகத்துக்குப் போவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து பேசி விடுங்கள். அங்கே உங்களையும் கேள்வி கேட்பார்கள். சொந்த வீடா, வாடகை வீடா? வீட்டுக்காரர் சம்மதித்தாரா? கோடை விடுமுறையில் ஊருக்குப் போனால் நாயை யார் பார்த்துக் கொள்வார்கள்? பத்துப் பன்னிரண்டு வருஷம் வாழுமே, நீங்கள் காலேஜ் போன பிறகு யார் வாக்கிங் கூட்டிப் போவது? இதற்கெல்லாம் பதில் இல்லை என்றால் அன்றைக்கு வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டி இருக்கும். கோபித்துக் கொள்ளாதீர்கள். பதிலோடு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போங்கள்.