கட்டையைக் காராக்கும் கண்ணாடி

வாழைப்பழத்தைக் காதில் வைத்துக்கொண்டு பாட்டிக்கு போன் பேசும் விளையாட்டைக் குழந்தைகளுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. கையில் இருப்பது பழம், மனதில் இருப்பது போன். இரண்டும் எப்படிக் குழம்பாமல் இருக்கின்றன? உளவியலாளர் ஆலன் லெஸ்லி 1987-இல் இதை ஆராய எடுத்துக்கொண்டதும் வாழைப்பழ போனைத்தான். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு இந்தப் பாவனை விளையாட்டு எளிதில் வருவதில்லை. பொம்மைக் காரை ஓட்டுவதைவிட, கவிழ்த்துவைத்துச் சக்கரத்தைச் சுழற்றுவதில் மனம் லயித்துவிடும்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளராக இருந்த ஜென் பாய், ஆக்மென்டட் ரியாலிட்டியை இந்த இடத்தில் கொண்டுவந்தார். குழந்தையின் எதிரே ஒரு திரை, ஒரு கேமரா. நிலைக்கண்ணாடி போலத் திரை குழந்தையையே காட்டும். கையில் வெறும் கட்டைதான். திரையில் மட்டும் அது கார், ரயில், விமானம் என உருமாறும். மனதுக்குள் நடக்க வேண்டியது கண்ணெதிரே நடக்கிறது. தலையில் மாட்ட எதுவுமில்லை, பிடித்துக்கொள்ள டேப்லெட்டும் இல்லை. இரண்டு கையும் விளையாட்டுக்கே. நான்கு முதல் ஏழு வயதுவரையுள்ள 12 குழந்தைகளிடம் சோதித்தபோது, இந்த வசதி இல்லாத நேரத்தைவிட அதிக முறை, அதிக நேரம் பாவனை செய்தார்கள். சின்ன ஆய்வுதான். திரையை எடுத்துவிட்டாலும் கட்டை காராகவே ஓடுமா என்பதே பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி.

அதிகம் பேசப்பட்டதென்னவோ ஸ்டான்ஃபோர்டில் டென்னிஸ் வால் குழுவினர் செய்த கருவிதான். குழந்தை கூகுள் கிளாஸ் என்ற கேமரா பொருத்திய கண்ணாடியை அணிந்துகொள்ளும். எதிரில் இருப்பவரின் முகத்தில் சிரிப்பா, கோபமா, பயமா என்று செல்போன் செயலி கணித்து உடனே சொல்லும். 71 குழந்தைகளோடு நடந்த சோதனை 2019-இல் வெளியானது. வாரம் நான்கு முறை, 20 நிமிடம் வீதம் ஆறு வாரம். வழக்கமான சிகிச்சையோடு இதையும் பெற்றவர்கள், சமூகப் பழக்கங்களை அளக்கும் மதிப்பீட்டில் மற்றவர்களைவிட முன்னேறினார்கள். அம்மா அப்பாவைச் சிரிக்கவைத்து அந்தச் சிரிப்பைப் 'பிடிக்கும்' விளையாட்டும் அதில் உண்டு. எனக்கென்னவோ கண்ணாடியைவிட அதுதான் வேலை செய்திருக்கும் என்று தோன்றுகிறது. 2023-இல் கூகுள் அந்தக் கண்ணாடியின் விற்பனையை நிறுத்திவிட்டது.

ஆனால், முகத்தைப் படிக்கும் பொறுப்பு முழுவதையும் குழந்தையின் மூக்கில் ஏற்றுவது சரியா? ஆட்டிசம் உள்ளவரும் சமூகவியலாளருமான டேமியன் மில்டன் 2012-லேயே சொன்னார்: புரியாமை இரு பக்கமும் இருக்கிறது, மற்றவர்களுக்கும் ஆட்டிசம் உள்ளவர்களைப் படிக்கத் தெரிவதில்லை. அப்படியானால் அந்தக் கண்ணாடியை ஆசிரியருக்கு மாட்டிப் பார்க்கலாமே? குழந்தை காதைப் பொத்திக்கொள்வது எந்தச் சத்தத்துக்கு, கையை உதறுவது மகிழ்ச்சியிலா தவிப்பிலா என்று அவர் பழகிக்கொள்வதற்கு.