கண்ணாடிக்குள் ஒரு கடல்

நுழையும்முன்

பவளத்தை அணிகலனாக அறிந்தோர் பலர். உயிராக அறிந்தோர் சிலர். அவ்வுயிரைக் கண்ணாடித் தொட்டியில் வாழவைக்க விரும்புவோர் முதலில் வளர்க்க வேண்டியது பவளத்தை அன்று, நீரை. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களும் அளவறிந்து சேர்த்த உப்புகளும் வெறும் நீரைக் கடலாக்கும் வகையை விளக்குகிறது இக்கட்டுரை.

கல்லா, செடியா, விலங்கா?

சங்க இலக்கியம் பவளத்தைத் ‘துகிர்’ என வழங்குகிறது. பொன்னோடும் முத்தோடும் வைத்து எண்ணப்பட்ட அச்செம்பவளம் ஒருவகை. வெப்பமண்டலக் கடல்களில் பாறைத்திட்டுகளை எழுப்பும் கடினப் பவளங்கள் வேறுவகை. கிளைத்து நிற்பதால் செடி போலவும், இறுகி இருப்பதால் கல் போலவும் தோன்றினாலும், பவளம் விலங்கே ஆகும். இழுதுமீனும் கடற்சாமந்தியும் இதன் உறவினங்கள்.

பவளத்தின் அடிப்படை உடல் ‘பாலிப்’ எனப்படும். அது பை போன்றது; ஒரே வாய் உடையது. வாயைச் சுற்றி அமைந்த உணர்நீட்சிகளில் கொட்டும் செல்கள் உள்ளன. கடல்நீரில் கரைந்துள்ள கால்சியத்தைக் கொண்டு, பாலிப் தன் அடியில் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டிக்கொள்கிறது. அதன் திசுவுக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளிச்சேர்க்கையால் ஆக்கும் உணவின் பெரும்பகுதியைப் பவளம் பெறுகிறது. பவளத்தின் கழிவு பாசிகளுக்கு உரமாகிறது. கொடுத்தும் பெற்றும் நிகழும் இக்கூட்டு வாழ்வே பவளத்தின் உயிர்நாடி.

சில பவளங்களின் பாலிப்புகள் ஊசிமுனை அளவினவாக இருக்க, வேறு சில, பல சென்டிமீட்டர் நீளத்திற்கு உணர்நீட்சிகளை விரிக்கின்றன. இவை பெரும்பாலிப் பவளங்கள். செங்கடல் முதல் பசிபிக் வரை காணப்படும் தீப்பந்தப் பவளம் இவ்வகையைச் சார்ந்தது. ‘யூஃபில்லியா கிளாப்ரெசென்ஸ்’ என்பது அதன் அறிவியல் பெயர். ஒவ்வொரு நீட்சியின் நுனியும் ஒளிரும் பொட்டுப் போல் தோன்ற, நீரோட்டத்தில் அது அசையும் அழகே தொட்டி வளர்ப்போரை ஈர்க்கிறது.

கடலைக் கரைக்குக் கொணர்ந்தோர்

1853ஆம் ஆண்டு இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மக்கள் பார்வைக்கென நீர்வாழ் உயிர்க் காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் கடல்நீர்த் தொட்டியை இல்லங்களுக்கும் அறிமுகம் செய்தது. ஆயினும், பாறை எழுப்பும் பவளங்கள் தொட்டிக்குள் நெடுநாள் வாழ்வது அரிதாகவே இருந்தது.

1961இல் இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் ஓர் எளிய வழியை எழுதி வெளியிட்டார். கடலிலிருந்து எடுத்த, நுண்ணுயிர்கள் நிறைந்த பாறைத்துண்டுகளை அவர் தொட்டியில் அடுக்கினார், காற்றுக் குமிழிகளால் நீரை இயக்கினார், ஒளி படச்செய்தார். ‘உயிர்ப்பாறை’ எனப்படும் அத்துண்டுகளே நீரைத் தூய்மை செய்தன. நீருக்குக் காவல் வடிகட்டி மட்டுமன்று, உயிர்களும்தான் என்னும் கருத்து இவ்வாறு வேரூன்றியது.

காத்திருக்கும் நீர்

புதிய தொட்டியில் நீர் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். அத்தெளிவை நம்பிப் பவளத்தை இடுவதே பெரும்பாலான இழப்புகளுக்குக் காரணமாகிறது. உயிர்களின் கழிவும் எஞ்சிய உணவும் சிதையும்போது அம்மோனியா தோன்றுகிறது. நிறமின்றிக் கரைந்திருக்கும் இந்நஞ்சு சிறிதளவேனும் உயிர்களை வாட்டும்.

இயற்கையில் இதற்கு மாற்று உண்டு. ஒருவகைப் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. மற்றொரு வகை, நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகிறது. இவை மெல்லப் பெருகுபவை; பாறையிலும் மணலிலும் போதிய அளவு குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகலாம். நீரைச் சோதிக்கும்போது அம்மோனியாவும் நைட்ரைட்டும் இன்மையும், நைட்ரேட் தோன்றியமையும் இச்சுழற்சி நிறைவுற்றதற்கு அடையாளங்கள்.

அதன் பின்னரும் தொட்டி முதிர்ந்துவிடுவதில்லை. பழுப்புப் படலம் முதலில் பரவும். பச்சை இழைப்பாசி பின்தொடரும். மாதங்கள் கடந்தபின் பாறைமீது கத்தரிப்பூ நிறச் சுண்ணாம்புப்பாசி படியும். ஒன்றையடுத்து ஒன்றாக உயிர்கள் இடம்பிடித்துச் சமநிலை காணும் காலம் இது. இக்காலத்தை எந்த மருந்தாலும் கருவியாலும் முற்றிலும் சுருக்கிவிட இயலாது. எனவே, பெரும்பாலிப் பவளத்தை ஆறு மாதங்கள் கழித்து இடுவதே பாதுகாப்பானது என்பர் பட்டறிவுடையோர்.

நிலைபெற்ற நீர்

கடல் மிகப் பெரியது. ஆதலின் மெல்ல மாறுவது. தொட்டி சிறியது, ஆதலின் ஒருநாளில் மாறிவிடக்கூடியது. நூறு லிட்டர் நீர், லிட்டருக்கு 35 கிராம் வீதம் 3,500 கிராம் உப்பைக் கொண்டுள்ளது எனக் கொள்வோம். ஐந்து லிட்டர் நீர் ஆவியானால், உப்பு ஆவியாகாது. எஞ்சிய நீரில் அதன் செறிவு 36.8 கிராமாக உயரும். அக்குறைவை உப்புநீரால் நிரப்பினால், நிரப்புந்தோறும் உப்பு மிகும். ஆகவே, ஆவியான அளவுக்கு நன்னீரையே சேர்த்தல் வேண்டும். குழாய்நீரில் குளோரினும் செம்பும் பாஸ்பேட்டும் இருக்கக்கூடும். ஆதலால் எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் தூய்மை செய்த நீரே ஏற்றது.

கூடு கட்டும் பவளம் கால்சியத்தையும் கார்பனேட்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 420 மில்லிகிராம் கால்சியம் உள்ளது. அதில் 20 மில்லிகிராம் மட்டும் குறையும்போதே, நீரின் காரத்தன்மையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு தீர்ந்துவிடுகிறது. கால்சியம் குறைந்ததை அறிவதற்கு முன்பே காரத்தன்மை சரிந்துவிடும் என்பதால், அதனைத் தவறாது சோதித்துச் சிறிது சிறிதாக ஈடுசெய்தல் இன்றியமையாதது. வெப்பநிலை 24 முதல் 26 டிகிரி செல்சியஸ் வரை நிலையாக இருத்தல் நன்று. குறித்த எண்ணை எட்டுவதைக் காட்டிலும், எட்டிய எண்ணில் நிலைத்திருப்பதே பவளத்திற்கு நலம் பயக்கும்.

ஒளியும் ஓட்டமும் இடைவெளியும்

மிகுந்த ஒளி மிகுந்த வளர்ச்சியைத் தரும் என எண்ணுவது இயல்பு. ஆனால், பழகாத பேரொளி பட்டால் பவளம் தன்னுள் வாழும் பாசிகளை இழந்து வெளிறிவிடும். ஆதலால் புதிய பவளத்தை முதலில் மங்கிய ஒளியில் வைத்து, வாரக்கணக்கில் படிப்படியாக ஒளியைக் கூட்டுவர். நீரோட்டமும் அத்தகையதே. வேகமாக ஒரே திசையில் மோதும் நீர், மெல்லிய திசுவைக் கூட்டின் கூரிய விளிம்பில் உரசிக் கிழித்துவிடும். நீர் தேங்கினாலோ கழிவு அகலாது. நீட்சிகள் மெல்ல அசையுமளவு ஓட்டமே போதுமானது.

அமைதியாகத் தோன்றும் தீப்பந்தப் பவளம் தன் எல்லையைக் காப்பதில் கடுமையானது. நீண்ட நீட்சிகளை வீசி, அண்டையிலுள்ள வேற்றினப் பவளத்தைக் கொட்டி அழிக்கும். சிறிய துண்டாக வாங்கும்போதே, விரிந்தபின் அது எட்டும் தொலைவைக் கணக்கிட்டு நாற்புறமும் இடம் விடவேண்டும்.

தெரிந்து தெளிவோம்

இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சூழ்ந்த மன்னார் வளைகுடாப் பகுதி, 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இந்தியக் கடல்களின் கடினப் பவளங்கள் 2001ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றுள்ளன. அவற்றைக் கடலிலிருந்து பெயர்த்தெடுப்பது குற்றமாகும்.

தொட்டியிலிருந்து கடலுக்கு

தொட்டியில் பயின்ற அறிவு இன்று கடலுக்கே திரும்புகிறது. 2014இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா கடற்பகுதியில் பவளத் திசுக்களை அழிக்கும் கொடிய நோய் கண்டறியப்பட்டது. நோய் எட்டாத பவளங்களை அறிஞர்கள் கரைக்குக் கொணர்ந்து தொட்டிகளில் காத்தனர். அறைக்குள்ளே கதிரவனின் எழுச்சியையும் நிலவின் வளர்தேய்வையும் கடலின் பருவ வெப்பத்தையும் விளக்குகளாலும் கருவிகளாலும் உண்டாக்கி, பவளத்தை இனப்பெருக்கம் செய்யவைக்கும் முறையை இலண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தார் வகுத்திருந்தனர். அவர்களோடு இணைந்து பணியாற்றிய ஃபுளோரிடா அக்வேரியத்தில், 2019 ஆகஸ்டில் அழிவின் விளிம்பில் நின்ற தூண் பவளம் தொட்டிக்குள்ளேயே கருவணுக்களை வெளியிட்டது.

இத்தேவை நமக்கும் அயலானதன்று. 1998, 2016 ஆகிய ஆண்டுகளின் கடல் வெப்பத்தால் மன்னார் வளைகுடாப் பவளங்களும் வெளிறின. சிறு தொட்டியில் ஓரிரு டிகிரி வெப்பம் மிகுந்தால் பவளம் வாடுவதைக் காண்பவர், பெருங்கடலில் அதே ஓரிரு டிகிரி என்ன செய்யும் என்பதை உணர்வர். தொட்டி நீர் கெட்டால் மாற்றிவிடலாம். கடல்நீரை மாற்ற வேறொரு கடல் இல்லை. நீரைப் பேணக் கற்பவரே பவளத்தைப் பேண வல்லவர்.

கற்பவை கற்றபின்

1. மன்னார் வளைகுடாவில் காணப்படும் பவள வகைகளின் படங்களைத் தொகுத்துப் படத்தொகுப்பு ஒன்று உருவாக்குக.

2. ‘தெளிந்த நீரெல்லாம் நல்ல நீரன்று’ என்னும் தலைப்பில் இரண்டு மணித்துளி உரை நிகழ்த்துக.

3. இருநூறு லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் எட்டு லிட்டர் நீர் ஆவியானால் உப்பின் செறிவு எவ்வளவாகும் எனக் கணக்கிட்டு வகுப்பில் விளக்குக.