மீன் தொட்டியில் நீர் எவ்வளவு?

மும்பையில் குடியேறி வாழும் நம்மவர்க்கு மீன் தொட்டி புதிதன்று. மெரைன் டிரைவில் 1951-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற தாராப்பூர்வாலா மீன் காட்சியகத்தைக் கண்டு களித்த சிறுவர்களில் எத்தனையோ பேர், வீடு திரும்பியதும் தமக்கும் ஒரு தொட்டி வேண்டுமென்று பிடிவாதம் செய்தவர்களே. துளசி மாடத்திற்கும் இடமில்லாத அடுக்குமாடி வீட்டில் நான்கு தங்க மீன்கள் நீந்துவது கண்ணுக்கு விருந்துதான்.

எங்கள் இல்லத்திலும் அத்தகைய தொட்டி ஒன்று உண்டு. சென்ற மழைக்காலத்தில் மீன்களின் உடலில் உப்புத் தூவினாற்போல வெண்புள்ளிகள் தோன்றின. மருந்து வாங்கினோம். இத்தனை லிட்டர் நீருக்கு இத்தனை துளி என்று புட்டியில் அச்சிட்டிருந்தது. தொட்டி விற்றவர் சொன்ன 72 லிட்டரையே கணக்காகக் கொண்டு மருந்தை விட்டோம். மறுநாள் காலையில் இரண்டு மீன்கள் மாண்டு மிதந்தன. நோயால் மாண்டனவோ, மருந்தால் மாண்டனவோ, யாரறிவார்? ஆனால் பத்து வயது மகள், "அப்பா, தொட்டியில் உண்மையில் எத்தனை லிட்டர் தண்ணீர் இருந்தது?" என்று கேட்டபோது எங்களிடம் விடையில்லை. அன்று மாலையே நூலும் அளவுகோலுமாக அமர்ந்தோம்.

தொட்டியின் நீளம் 60 செ.மீ., அகலம் 30, உயரம் 40. மூன்றையும் பெருக்கினால் 72,000 கன செ.மீ.; ஆயிரம் கன செ.மீ. ஒரு லிட்டர் ஆதலின் 72 லிட்டர். பெருக்கலில் பிழையில்லை, அளந்த இடத்தில்தான் பிழை. அது தொட்டியின் வெளி அளவு. கண்ணாடியின் கனம் அரை செ.மீ. எனவே உள்நீளம் 59, உள்ளகலம் 29. விளிம்பு வரை நீர் நிரப்புவாரும் இல்லை. கூழாங்கல் பரப்பின் மேலிருந்து நீர்மட்டம் வரை 30 செ.மீ.தான் இருந்தது. 59, 29, 30 இவற்றைப் பெருக்க 51,330. அதாவது 51 லிட்டருக்குச் சற்று மேல். அடியில் 5 செ.மீ. கூழாங்கல், அதன் இடுக்குகளிலும் நீர் உண்டு. அவ்விடத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு நீர் என்று கொண்டால் 3 லிட்டருக்கு மேல் சேரும். அலங்காரப் பாறையை நிறைந்த வாளியில் அமிழ்த்தி, வழிந்த நீரை அளந்து, ஒரு லிட்டரைக் கழித்தோம். ஆக, இருந்த நீர் சுமார் 54 லிட்டர். விட வேண்டியதைவிட மூன்றில் ஒரு பங்கு மருந்தை மிகுதியாக விட்டிருக்கிறோம்!

உருளை வடிவத் தொட்டி வைத்திருப்போர்க்குப் பழந்தமிழ்க் கணக்கு நூலாகிய கணக்கதிகாரம் எளிய வழி காட்டுகிறது. சுற்றளவில் பாதியைக் குறுக்களவில் பாதியால் பெருக்கினால் வட்டத்தின் பரப்பு கிடைக்கும். நூலால் சுற்றி அளந்தபோது 94 செ.மீ., குறுக்கே 30 செ.மீ. என்றால், 47-ஐ 15-ஆல் பெருக்க 705. நீரின் ஆழம் 30 செ.மீ. எனில் 21 லிட்டருக்குச் சற்று மேல். வயிறு பருத்த குடுவைக்கு இக்கணக்குப் பொருந்தாது. அளவு தெரிந்த பாத்திரத்தால் எண்ணி ஊற்றுவதே நேர்வழி.

வெளிநாட்டு மருந்துப் புட்டிகளில் காலன் கணக்கு இருந்தால் எச்சரிக்கை தேவை. ஆங்கிலேயர் காலன் 4.546 லிட்டர், அமெரிக்கர் காலன் 3.785 லிட்டர்.

இக்கணக்கு மற்றோர் அபாயத்தையும் உணர்த்திற்று. ஒரு லிட்டர் நீரின் எடை ஏறக்குறைய ஒரு கிலோ. நீர், கூழாங்கல், பாறை, கண்ணாடி எல்லாம் சேர்ந்து எங்கள் தொட்டி 80 கிலோவுக்குக் குறையாது. வளர்ந்த ஓர் ஆளை இரவும் பகலும் சுமப்பதற்கு ஒப்பான அப்பாரத்தை, ஆடும் கால்களையுடைய பழைய மேஜை ஒன்று தாங்கிக்கொண்டிருந்தது! மறுநாளே உறுதியான இரும்புச் சட்டத்திற்கு மாற்றினோம்.

பள்ளியில் ஆங்கிலத்திலும் மராத்தியிலும் கணக்குப் போடும் மகள், அன்று வீட்டில் தமிழில் நீட்டி அளந்தாள், பெருக்கினாள், கழித்தாள். முடிவில் ஒரு தாளில் "நீர் 54 லிட்டர்" என்று தன் கையால் எழுதித் தொட்டியின் பக்கத்தில் ஒட்டினாள். அதன் பிறகே புதிய மீன்கள் வாங்க இசைந்தாள். மீன் வளர்க்கும் அன்பர்கள், நோய் வருமுன்னரே தத்தம் தொட்டியை அளந்து, இத்தகைய சீட்டு ஒன்றை ஒட்டி வைப்பார்களாக.