சேரி பேசிய படம்

1935ஆம் ஆண்டிலே பிரித்தானியாவில் ‘வீட்டுப் பிரச்சினைகள்’ என்னும் பொருள்படும் பெயரோடு ஒரு சிறு விவரணப்படம் வெளிவந்தது. அது ஓடும் நேரம் கால் மணி அளவே. அதில் நடிகர் எவரும் இலர், கதையும் இல்லை. கிழக்கு லண்டனின் ஸ்ரெப்னிப் பகுதியில், இடிந்துவிழும் தறுவாயிலிருந்த வீடுகளில் வாழ்ந்த எளிய மக்கள் சிலர் கமராவை நேரே நோக்கித் தம் வாழ்க்கையைச் சொல்லுகின்றனர். ஆதர் எல்ற்றன், எட்கார் அன்ஸ்ரி என்னும் இருவர் அதனை உருவாக்கினர்.

தொழிலாளர் வறுமையைப் பற்றி அறிக்கைகளும் புள்ளிவிவரங்களும் பிரித்தானியாவில் அதற்கு முன்னரே மலிந்து கிடந்தன. குறை அங்கே இல்லை. லண்டனின் செல்வர் வாழும் மேற்குப் பகுதிக்கும் ஸ்ரெப்னிக்கும் இடையே தூரம் சில மைல்களே. ஆயினும் ஒரு பக்கத்தார் மறுபக்கத்தாரின் குரலைக் கேட்டதில்லை. அக்காலத்துப் பிரித்தானியத் திரைப்படங்களில் கிழக்கு லண்டன் பேச்சு பெரும்பாலும் வேலைக்காரிக்கும் கோமாளிக்குமே உரியதாயிருந்தது. அந்தப் பேச்சைக் கேட்டவுடன் சிரிப்பதற்கே மக்கள் பழகியிருந்தனர். சேரிமக்களுக்குக் குளியல் தொட்டி கொடுத்தால் அதில் நிலக்கரியைத்தான் கொட்டி வைப்பார்கள் என்ற ஏளனமும் அந்நாளில் சாதாரணமாக வழங்கிற்று.

அதே பேச்சு இப்படத்தில் வேறொரு தன்மையோடு ஒலிக்கின்றது. வீடு முழுவதும் கோணலாகிவிட்டதென்றும், சுவருக்குள் பூச்சிகள் குடியிருக்கின்றன என்றும் ஒரு பெண் முறையிடுகின்றாள். சமையல், உறக்கம், பிள்ளை வளர்ப்பு யாவும் ஓர் அறைக்குள்ளேயே நடக்கும் நெருக்கடியை ஆடவர் எடுத்துரைக்கின்றனர். குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தந்தையும் பேசுகின்றார். மற்றொரு பெண்ணோ தன் வீட்டுக்குள் புகுந்த எலியோடு நிகழ்ந்த போராட்டத்தை ஒரு வீரகதை போலவே விவரிக்கின்றாள். கேட்பவருக்கு முறுவல் தோன்றும். ஆனால் அவளைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றாது. இப்படத்தின் ஆற்றல் முழுவதும் அந்த வேறுபாட்டிலேயே அடங்கியிருக்கின்றது எனலாம். இரக்கத்தை வேண்டி அவர்கள் கண்ணீர் வடிக்கவில்லை. தம் வீட்டைப் பற்றித் தாமே நன்கறிந்தவர் என்ற நிமிர்வோடு, விருந்தாளிக்குச் சொல்வதுபோலச் சொல்லுகின்றனர். திரையரங்கில் அமர்ந்திருப்பவர் அந்த விருந்தாளியின் இடத்துக்கு வந்துவிடுகின்றார். பிறகு புதிய மாடிவீட்டுக்குக் குடிபெயர்ந்த ஒருத்தி குளியலறை கிடைத்த மகிழ்ச்சியைக் கூறும்போது, நிலக்கரி ஏளனம் விடை கூறப்படாமலே வலுவிழக்கின்றது.

இந்த நிமிர்வு தானாக அமைந்ததன்று. ஒலிப்பதிவுக் கருவிகள் பெரும் பாரமாயிருந்த காலம் அது. கம்பிகளையும் விளக்குகளையும் ஒரு சிற்றறைக்குள் கொண்டுசென்றால் யாருக்கும் நா எழாது. அந்த மக்களோடு பழகி அவர்களைப் பேசவைத்தவர் றூபி கிரியர்சன் என்னும் பெண்மணி. விவரணப்பட இயக்கத்தின் தலைவரெனப் போற்றப்படும் ஜோன் கிரியர்சனின் தங்கை இவர். கமராவும் ஒலிவாங்கியும் உங்களுடையவை, உள்ளதை உள்ளபடி அவர்களுக்குச் சொல்லுங்கள் என்ற கருத்தில் அவர் ஊக்கமூட்டினார் என்பர். தம் தமையனார் மக்களைக் கண்ணாடித் தொட்டி மீன்களைப்போல வெளியே நின்று பார்க்கிறார் என்று அவர் குறைகூறியதாகவும் சொல்லப்படுவதுண்டு. இதே இயக்கத்தைச் சேர்ந்த பசில் றைட் 1934இல் எடுத்த ‘இலங்கையின் பாடல்’ என்ற படத்தை இங்கே ஒப்புநோக்கலாம். அழகிலே அது எவ்வளவோ உயர்ந்தது. ஆயினும் அதில் காட்டப்படும் மக்கள் தம் வாழ்வைத் தம் வாயால் விளக்குவதில்லை. அவர்களுக்காக வேறொரு குரலே பேசுகின்றது.

ஸ்ரெப்னிப் படத்துக்கும் குறைகள் உண்டு. அதற்குப் பணம் கொடுத்தது பிரித்தானிய எரிவாயுத் தொழிலாரின் சங்கம். பழைய வீடுகள் அகன்று புதிய வீடுகள் எழுந்தால் எரிவாயு அடுப்பும் விற்பனையாகும் என்பது அவர்கள் கணக்கு. அதற்கேற்பப் படத்திலும் துன்பத்தைச் சொல்ல மட்டுமே சேரிமக்களுக்கு இடமுண்டு. பரிகாரத்தை விளக்குவோர் நகரசபையாரும் நிபுணருமே. எத்தகைய வீடு வேண்டுமென்று அந்த மக்களை எவரும் கேட்கவில்லை. பிற்காலத்து விமர்சகர்கள் இதனைச் சுட்டிக்காட்டியது நியாயமே. தொலைக்காட்சி வந்தபின் இம்முறை வழக்கமாகிவிட்டது. வெள்ளத்திலோ வறட்சியிலோ வீடிழந்தவரிடம் ஒலிவாங்கியை நீட்டி, அழுகையைப் பதிந்துகொண்டு, விளக்கத்துக்கு வேறொருவரை நாடும் செய்தியாளரை இன்றும் காணலாம்.

அப்படம் வெளிவந்து ஐந்து ஆண்டுகளில் போர் குறுக்கிட்டது. ஸ்ரெப்னியின் பல தெருக்களை 1940இலும் 1941இலும் விழுந்த ஜெர்மானியக் குண்டுகளே தகர்த்தன. போருக்கு அஞ்சிக் கனடாவுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளைப் படம்பிடிப்பதற்காக அவர்களோடு கப்பலேறிய றூபி கிரியர்சன், 1940 செப்டெம்பரில் அக்கப்பல் அத்திலாந்திக்கில் தாக்குண்டு மூழ்கியபோது உயிரிழந்தார்.