பரணில் கிடக்கும் வீணை மறுபடி பேசும்!

நெய்வேலி டவுன்ஷிப்பில் பணி ஓய்வு பெறுபவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்போது, எதை எடுத்துப் போவது, எதைக் கழிப்பது என்ற பேச்சு வீட்டில் கட்டாயம் எழும். கட்டிலும் பீரோவும் லாரியில் ஏறிவிடும். பரணில் பழைய புடவை சுற்றிக் கிடக்கும் வீணையிடம் வரும்போதுதான் தயக்கம். பாட்டியோ அத்தையோ வாசித்தது. தந்தி அறுந்து, மெழுகு வெடித்து, சத்தம் கேட்டே பல வருடமாகியிருக்கும். ‘இனிமே யார் வாசிக்கப் போறா?’ என்று யாராவது ஒருவர் கேட்டுவிட்டால், அதன் கதை பழைய சாமான் கடையில் முடிந்துவிடும்.

அவசரப்பட வேண்டாம். இப்படிக் கிடக்கும் வீணைகள் பலவற்றில் மரம் நன்றாகவே இருக்கும். கெட்டுப்போயிருப்பது மாற்றக்கூடிய பாகங்கள்தான்.

இந்த மண்ணின் மரம்

2013-ல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணை, பலா மரத்தில் செய்யப்படுகிறது. அந்த மரத்துக்குப் பேர்போன ஊர், நெய்வேலி இருக்கும் அதே கடலூர் மாவட்டத்தின் பண்ருட்டி. பழம் தந்து ஓய்ந்த மரம் தஞ்சாவூருக்குப் போய், குடமும் தண்டியும் யாளி முகமுமாகத் திரும்பி வருகிறது. ஒரே மரத்தில் குடைந்தால் அது ஏகாண்ட வீணை; தனித்தனியாகச் செய்து இணைத்தால் ஒட்டு வீணை.

எங்கே கோளாறு?

வீணையில் ஏழு தந்திகள். வாசிக்க நான்கு, தாளத்துக்கு மூன்று. துருப்பிடித்த தந்தியை மாற்றுவது எளிது. பிரடை வழுக்கிச் சுருதி நிற்காவிட்டால், கொஞ்சம் சாக்பீஸ் தூள் தடவினாலே பல நேரம் சரியாகிவிடும். துளை தேய்ந்திருந்தால் புதுப் பிரடை கடைய வேண்டும். குதிரையின் மேலுள்ள உலோகத் தகட்டில் தந்தி அறுத்துப் பள்ளம் விழுந்திருந்தால் நாதம் கரகரக்கும். தகட்டைத் தேய்த்துச் சமன் செய்வார்கள். குடமும் தண்டியும் சேரும் இடத்தில் விரிசல் இருந்தால் மட்டும் வேலை பெரிது.

மேளம் கட்டுவது

உண்மையான வித்தை மெழுகில் இருக்கிறது. 17-ம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் 24 மெட்டுகள் நிலையாகப் பதித்த வீணை உருவானதாகச் சொல்கிறது இசை வரலாறு. ஒரு ஸ்தாயிக்கு 12 மெட்டுகள், இரண்டு ஸ்தாயிக்கு 24. தண்டியின் இரு ஓரமும் தேன்மெழுகும் கரிப்பொடியும் கலந்த கறுப்பு மெழுகை வரப்புபோல எழுப்பி, அதில்தான் இந்த மெட்டுகளைப் பதிக்கிறார்கள்.

மெழுகு வெயிலுக்கு இளகும், நாளானால் காய்ந்து வெடிக்கும். மெட்டு ஒரு நூலளவு நகர்ந்தாலும் ஸ்வரம் பிசகிவிடும். அதனால் தினமும் வாசிக்கும் வீணைக்கே அவ்வப்போது மேளம் கட்ட வேண்டும். பழைய மெழுகைச் சுரண்டி எடுத்து, புதிதாக ஏற்றி, ஒவ்வொரு மெட்டாக வைத்து, தந்தியை மீட்டிக் காதால் கேட்டு, விரலால் நகர்த்தி நிறுத்துவார் கைவினைஞர். அளவுகோல் கைகொடுக்காத வேலை இது. கையோடு காதும் பழக வருடங்கள் ஆகும். தஞ்சாவூரில் தலைமுறையாக இதைச் செய்யும் குடும்பங்களில் அடுத்த தலைமுறை வேறு வேலைக்குப் போய்க்கொண்டிருப்பதுதான் கவலை. வீணை இன்னும் பல வருடம் காத்திருக்கும். அதைச் சரிசெய்யத் தெரிந்த கைகள் அதுவரை இருக்க வேண்டுமே!

வீட்டில் செய்யக் கூடாதவை

* சித்திரை வெயிலில் காயவைப்பதும், பூட்டிய காரில் விட்டுச் செல்வதும் மெழுகுக்கு எமன்.
* விரிசலில் கையில் கிடைத்த பசையை ஊற்றாதீர்கள். பிறகு கைவினைஞர் அதைச் சுரண்டி எடுப்பதே தனி வேலையாகிவிடும்.
* மேற்பலகையில் தடிமனாகப் பெயின்ட் அடித்தால் பார்க்கப் பளபளக்கும், நாதம் அடங்கிவிடும்.
* தந்திகளைச் சற்றுத் தளர்த்தாமல் வீணையை வெளியூருக்கு எடுத்துச் செல்லாதீர்கள். லாரியில் மற்ற சாமான்களுக்கு அடியில் வைக்கவும் கூடாது.

வீட்டுப் பரணிலும் ஒரு வீணை இருந்தால், இந்த வாரமே இறக்கித் துடைத்துப் பாருங்கள். குடத்தில் விரலால் மெதுவாகத் தட்டுங்கள். கணீரென்று பதில் வந்தால், தஞ்சாவூருக்கு ஒரு நடை போய்வரலாம். வாசித்த பாட்டி இல்லாமல் போயிருக்கலாம். கற்றுக்கொள்ள ஒரு பேத்தி இருக்கக்கூடும்.