ஐடென்ரிற்றி என்னும் ஆங்கிலச் சொல்

ஆங்கிலச் சொற்களுட் சில, அகராதியைப் புரட்டிய அளவிலே பொருள் விளங்குவன. வேறு சில, நாள்தோறும் வழங்கினும் தம் பொருளை எளிதிற் காட்டிக்கொடாதன. 'ஐடென்ரிற்றி' என்பது இரண்டாம் வகையைச் சார்ந்தது. அடையாள அட்டையின் வாயிலாக இச்சொல் இலங்கையிற் பாமரர் நாவிலும் பயில்கின்றது. ஆயினும், மொழிபெயர்க்கப் புகும் மாணவன் இதனைக் காணுமிடமெங்கும் 'அடையாளம்' என்றே எழுதிச் செல்வானாயின், பல இடங்களிற் பொருள் பிழைபடும்.

இதன் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. 'ஈடெம்' என்னும் இலத்தீன் சொல்லுக்கு 'அதுவே' என்பது பொருள். அதனடியாகப் பிறந்த சொல் 16 ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற் புகுந்தது. ஆகவே, ஒரு பொருள் வேறொன்றாகாது அதுவாகவே இருத்தல் என்பதே இதன் அடிப்பொருளாகும். தமிழில் 'அடையாளம்' என்பதோ குறியையும் சின்னத்தையும் சுட்டும். மாட்டின் உடலிற் சுட்ட குறி அம்மாட்டின் அடையாளம். குறி வேறு, மாடு வேறு. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

கணிதத்தில், மாறியின் பெறுமானம் யாதாயினும் இருபுறமும் சமமாகவே நிற்கும் சமன்பாட்டுக்கு ஆங்கிலத்தில் இச்சொல்லே பெயர். இலங்கைப் பாடநூல்கள் அதனைச் சர்வசமன்பாடு என்கின்றன. ஈண்டு 'அடையாளம்' என்பதற்கு இடமேயில்லை. ஒரே கருமுட்டை பிளவுற்றுப் பிறக்கும் இரட்டையரை ஆங்கிலேயர் 'ஐடென்ரிக்கல்' என்பர். முழுதும் ஒத்தவர் என்பது கருத்து. ஆயினும் அவ்விருவரும் ஒருவராகார். அவர்தம் விரல் ரேகைகளும் வேறுபடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனி 'ஐடென்ரிற்றி' உண்டு. ஒப்புமையை உணர்த்தும் வேரினின்றே தனிமையை உணர்த்தும் பொருளும் கிளைத்தமை இச்சொல்லின் விந்தை எனலாம்.

இவ்விந்தை மெய்யியலாரை நெடுங்காலம் சிந்திக்க வைத்தது. ஏதென்ஸ் நகரத்தார் தீசியஸ் என்பானின் கப்பலைப் பேணி, உழுத்த பலகைகளை நீக்கிப் புதியன பொருத்திவந்தனர் என்றும், அது பழைய கப்பல்தானா என அறிஞர் வாதிட்டனர் என்றும் புளூட்டார்க் எழுதியுள்ளார். மனிதனும் அத்தகையவனே. குழந்தையின் உடலும் முதியவனின் உடலும் ஒன்றல்ல. எனினும் இருவரும் ஒருவரே என்கின்றோம். அஃது எவ்வாறு? ஆங்கில அறிஞர் ஜோன் லொக், தமது பெருநூலின் 1694 ஆம் ஆண்டுப் பதிப்பிற் சேர்த்த அதிகாரத்தில் இவ்வினாவை ஆராய்ந்தார். கடந்த செயல்களைத் தன்னுடையனவாக உணரும் உணர்வே ஒருவனை அதே ஆளாக நிலைநிறுத்துகின்றது என்பது அவர் துணிபு.

இருபதாம் நூற்றாண்டில் இச்சொல் உளவியலிலும் வேரூன்றியது. அதனை அங்ஙனம் பரப்பியவருள் முதன்மையானவர் எரிக் எரிக்சன். 1902 இல் ஜேர்மனியிற் பிறந்த அவர், தம்மைப் பெற்ற தந்தை யாரென அறியாமலே வளர்ந்தவர். மாற்றாந்தந்தையின் பெயரைத் தாங்கியிருந்து, அமெரிக்கக் குடிமகனானபோது எரிக்சன் என்னும் பெயரைத் தாமே சூடிக்கொண்டவர். இளமைப் பருவத்தில் 'யான் யார்?' என எழும் தடுமாற்றத்தை அவர் இச்சொல்லாற் குறித்தது வியப்பன்று. இவ்விடத்தில் இதற்குத் 'தன்னுணர்வு' என்றோ 'தனித்துவம்' என்றோ தமிழ் கூறுதல் பொருந்தும்.

இனி, அட்டையைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். பிரித்தானியாவில் 1939 ஆம் ஆண்டுப் போர்க்காலச் சட்டத்தால் அடையாள அட்டை வழங்கப்பட்டது. போர் ஓய்ந்தபின்னரும் பொலிசார் அதனைக் கேட்டனர். 1950 இல் வில்கொக் என்பார் காட்ட மறுத்து வழக்காடினார். அவர் குற்றவாளியெனக் காணப்பட்டபோதிலும் தண்டிக்கப்படவில்லை. 1952 இல் அவ்வட்டை முறையே நீங்கியது. இலங்கையில், 1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க ஆட்களைப் பதிவுசெய்தற் சட்டத்தின்கீழ் 1972 இல் அட்டை வழங்கத் தொடங்கினர். இன்று பரீட்சை மண்டபத்திலும் வங்கியிலும் அஃது இன்றியமையாதது. அட்டையிலுள்ள பெயரும் பிறப்புச் சான்றிதழிலுள்ள பெயரும் ஓரெழுத்து வேறுபடினும் அலைய நேரிடும். இவர் அவரே என மெய்ப்பித்தலே அதன் பணி. இங்கே 'அடையாளம்' என்னும் சொல் செவ்வனே அமைகின்றது.

1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரின் இடப்பெயர்வுகளிலும், 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையிலும் பலர் அட்டையையும் சான்றிதழ்களையும் இழந்தனர். அவர்களை 'அடையாளம் இழந்தோர்' என்று எழுதுவது எத்துணைப் பெரும் பிழை! அவர்கள் இழந்தவை ஆவணங்களே. தம் பெயரையும் பெற்றோரையும் ஊரையும், அங்கு வாழ்ந்த வாழ்வையும் அவர்கள் மறந்தாரல்லர். லொக் கூறிய உணர்வு அவர்களிடம் குன்றாதிருந்தது. தாளை இழந்தவரைத் தம்மையே இழந்தவராகக் காட்டும் மொழிபெயர்ப்பு, ஏற்கெனவே துன்புற்றோர்க்கு இழைக்கும் மற்றோர் அநீதியாகும்.

ஆதலின், இச்சொல்லைக் காணும் மாணவன் முதற்கண் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. ஒப்புமையைக் கூறுகின்றதா? ஆளைக் காட்டும் குறியைக் கூறுகின்றதா? 'யான் இன்னார்' என்னும் உணர்வைக் கூறுகின்றதா? விடை தெளிந்தபின் ஏற்ற தமிழ்ச்சொல் தானே வந்து அமையும்.